கம்பியூட்டருக்குள் ஒரு நகரம்: யாழ்ப்பாண வியாபாரிக்கு அதில் என்ன வேலை?

இந்த வாரம் கொஞ்சம் புதிய விஷயம் ஒன்றை எடுத்திருக்கிறேன். ஒரு நகரத்தின் வீதி, வாய்க்கால், கட்டடம், மரம், நிலத்துக்குக் கீழே போகும் குழாய் எல்லாவற்றையும் அளந்து, அப்படியே கம்பியூட்டருக்குள் முப்பரிமாண வடிவில் வைத்துக்கொள்வது. பிறகு நகரத்தில் என்ன செய்வதானாலும் முதலில் அந்தக் கம்பியூட்டர் நகரத்தில் செய்து பார்த்துவிட்டு வெளியே செய்வது. இதை இப்போது உலகத்தில் "டிஜிட்டல் இரட்டை" என்று சொல்கிறார்கள்.

"இது சிங்கப்பூர்காரனுக்குச் சரி, நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தைப் போன்ற தட்டையான ஊருக்கு இது மலைநாட்டை விட அவசியம். அதிலும் கடையில் சரக்கு அடுக்கி வைத்திருப்பவனுக்கும், முப்பது வருடம் ஊரை விட்டிருந்து திரும்பியவனுக்கும் இன்னும் அவசியம். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நீளம், அகலம், உயரம்

நம்மிடம் இருக்கும் காணி உறுதியையும் அதோடு வரும் வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். நான்கு எல்லை இருக்கும். எத்தனை பரப்பு, எத்தனை குழி என்று இருக்கும். கிணறு, மதில், வழி உரிமை எல்லாம் எழுதியிருக்கும். ஆனால் அந்தக் காணி கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, முன்னால் போகும் வீதியை விட உயர்வா தாழ்வா என்பது இருக்காது. நகரத் திட்ட வரைபடங்களிலும் பெரும்பாலும் இதே கதைதான். நீளமும் அகலமும் உண்டு, உயரம் இல்லை.

உயரம் இல்லாவிட்டால் என்ன நட்டம்? என் கடையையே உதாரணமாகச் சொல்கிறேன். வாப்பா அந்தக் கடையைக் கட்டியபோது வீதியிலிருந்து ஏறுவதற்கு மூன்று படி இருந்தது. நாங்கள் திரும்பி வந்து கடையைத் திறந்த பிறகு வீதியை இரண்டு தடவை போட்டார்கள். இரண்டு தடவையும் பழைய தாரைச் சுரண்டி எடுக்கவில்லை, அதற்கு மேலேயே போட்டார்கள். இன்றைக்கு ஒரு படிதான் மிச்சம். என் அயல் கடைக்காரருக்கு அந்த ஒரு படியும் இல்லை. மழை கொஞ்சம் பலமாகப் பெய்தால் அவர் சீமெந்து மூட்டைகளைத் தூக்கிப் பலகையில் வைக்க ஆள் தேடுகிறார்.

வரைபடத்தைப் பார்த்தால் வீதி பழைய இடத்தில்தான் இருக்கிறது. கடையும் பழைய இடத்தில்தான் இருக்கிறது. எதுவும் மாறவில்லை. மாறியது உயரம் மட்டும். அந்த மாற்றத்தைக் காட்டும் கடதாசி யாரிடமும் இல்லாதபடியால் போய்க் கேட்கவும் முடியவில்லை. முப்பரிமாண மாதிரி என்பதன் முதல் பயன் இதுதான். உயரத்தையும் கணக்குப் புத்தகத்தில் ஏற்றிவிடுகிறது.

எப்படி அளக்கிறார்கள்?

இரண்டு வழிகள் பிரதானமானவை. ஒன்று லேசர் முறை, "லைடார்" என்பார்கள். விமானத்திலோ ட்ரோனிலோ ஒரு கருவியை வைத்து, செக்கனுக்கு இலட்சக்கணக்கான ஒளித் துடிப்புகளைக் கீழே அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றும் நிலத்திலோ கூரையிலோ பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து ஊரின் உருவம் வருகிறது. மரக்கிளைகளுக்கு நடுவே புகுந்து நிலத்தைத் தொடும் துடிப்புகளும் இருப்பதால், மரத்தைக் கழித்துவிட்டு நிலத்தின் உயரத்தை மட்டும் பிரித்து எடுக்கலாம். பனையும் தென்னையும் நிறைந்த நம் ஊருக்கு இது முக்கியம்.

மற்றது புகைப்பட முறை. ட்ரோன் பறந்தபடி ஒன்றின் மேல் ஒன்று விழும்படி நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கிறது. ஒரே கூரை மூலையைப் பல கோணங்களில் பார்ப்பதால், அதன் இடத்தையும் உயரத்தையும் கம்பியூட்டர் கணக்கிட்டுவிடும். நம் இரண்டு கண்களும் சேர்ந்து தூரத்தைக் கணிக்கும் அதே தத்துவம்தான். செலவு குறைவு, ஆனால் மரத்துக்குக் கீழே இருக்கும் நிலம் இதில் தெரியாது.

இப்படி எடுத்ததை எவ்வளவு விவரமாக வைத்திருப்பது என்பதற்கும் படிநிலைகள் உண்டு. 2008 இல் இதற்கு "சிற்றி ஜீ.எம்.எல்." என்று ஒரு சர்வதேச நியமம் வந்தது. முதல் படியில் கட்டடத்தின் அடித்தளக் கோடு மட்டும். அடுத்ததில் அது ஒரு சவர்க்காரக் கட்டி போல உயர்ந்து நிற்கும். அதற்கடுத்து கூரையின் வடிவம் வரும். பிறகு கதவு, ஜன்னல். கடைசியில் உள்ளறைகள். எல்லா வேலைக்கும் கடைசிப் படி தேவையில்லை. வெள்ளக் கணக்குக்குச் சவர்க்காரக் கட்டியும் சரியான நில உயரமும் போதும். கூரையில் சூரிய மின்தகடு வைக்கலாமா என்று பார்க்கக் கூரை வடிவம் வேண்டும். தேவைக்கு மேல் விவரம் கேட்டால் காசுதான் வீண்.

தட்டையான ஊரின் பிரச்சினை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 10 மீற்றருக்கும் குறைந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஆறு என்று சொல்ல மழைகாலத்தில் ஓடும் வழுக்கியாறு ஒன்றுதான். மிச்சத் தண்ணீர் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் போய், சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நம் கிணறுகளுக்கு வருகிறது, அல்லது கடல்நீரேரியில் விழுகிறது.

இப்படியான ஊரில் ஒரு சாண் உயரமும் பெரிய விஷயம். ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவில் ஒரு வாய்க்கால் வெட்டினால், 100 மீற்றர் தூரத்துக்கு அது இறங்குவது வெறும் 10 சென்றிமீற்றர். நடுவில் ஒரு மதகை ஒரு சாண் உயர்த்திக் கட்டிவிட்டால் போதும், தண்ணீர் முன்னால் போகாது, பின்னால் திரும்பும். பின்னால் யாருடைய வளவு இருக்கிறதோ அவர்தான் அந்த மதகின் உண்மையான செலவைக் கட்டுகிறார்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் செய்மதி உயரக் கணக்குகள் இருக்கின்றனவே என்று சில இளைஞர்கள் சொல்வார்கள். அவற்றில் பெயர்பெற்றது 2000 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்க விண்கலம் 11 நாட்களில் எடுத்தது. மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் அது நல்லது. ஆனால் அதில் சில மீற்றர் பிழை வரலாம். மர உச்சியையும் கூரையையும் நிலம் என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. மொத்த உயரமே பத்து மீற்றருக்குள் இருக்கும் ஊருக்குச் சில மீற்றர் பிழை என்றால், நெல் நிறுக்கும் தராசில் பவுண் நிறுத்த மாதிரித்தான். நல்ல லேசர் அளவை 10 முதல் 15 சென்றிமீற்றர் வரை சரியாகக் காட்டும். வாய்க்காலின் அடிமட்டத்துக்கு அதுவும் போதாது, நில அளவையாளர் லெவல் கருவியோடு இறங்கத்தான் வேண்டும். ஊர் முழுவதுக்கும் லேசர், வாய்க்காலுக்கு லெவல் என்று இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த மழையில் குடாநாடு தண்ணீருக்குள் கிடந்தது. 2020 டிசம்பரில் புரவி வந்தது. 2024 நவம்பரில் மறுபடி வெள்ளம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதிலும் 600 க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பொம்மைவெளி, நாவாந்துறை போன்ற தாழ்ந்த பக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. மழை எவ்வளவு பெய்யும் என்பது நம் கையில் இல்லை. பெய்த மழை எந்தத் தெருவில், எத்தனை அடி, எத்தனை மணி நேரம் நிற்கும் என்று முன்கூட்டியே கணக்கிடுவது மனிதன் கையில் இருக்கிறது. அதற்கு நிலத்தின் உயரமும் கட்டடங்களின் இடமும் கம்பியூட்டருக்குத் தெரிய வேண்டும்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

சிங்கப்பூர் அரசாங்கம் 2014 டிசம்பரில் "வர்ச்சுவல் சிங்கப்பூர்" திட்டத்தை அறிவித்தது. ஒதுக்கிய பணம் 73 மில்லியன் சிங்கப்பூர் டொலர். விமானத்திலிருந்தும் வாகனத்திலிருந்தும் லேசரால் தீவு முழுவதையும் அளந்தார்கள். எந்தக் கூரையில் எவ்வளவு வெயில் விழும், புதுக் கட்டடம் எழும்பினால் காற்று எந்தப் பக்கம் தடைப்படும், சக்கர நாற்காலியில் போகிறவருக்குப் படியில்லாத பாதை எது என்றெல்லாம் பார்ப்பதற்காக அந்த மாதிரியைச் செய்தார்கள். பணக்கார நாடு, செய்தது. நாம் பார்க்க வேண்டியது நம் நாட்டை.

2010 நவம்பரில் கொழும்பில் பெய்த மழையில் பாராளுமன்ற வளவுக்குள்ளேயே வெள்ளம் வந்தது பலருக்கு நினைவிருக்கும். அதன் பிறகு 2012 இல் உலக வங்கியின் 213 மில்லியன் டொலர் கடனோடு கொழும்புப் பெருநகரத் திட்டம் தொடங்கியது. அதில் வாய்க்காலைத் திருத்துவதோடு நிற்காமல், கொழும்பின் நீர்ப்பாதைகளையும் ஈரநிலங்களையும் கம்பியூட்டர் மாதிரியில் வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். அந்த ஈரநிலங்களை நிரப்பிக் கட்டடம் கட்டிவிட்டால், கொழும்புப் பகுதியின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 1 வீதம் ஆண்டுதோறும் சராசரியாக வெள்ளத்தில் போகும் என்று கணக்கு வந்தது. "சும்மா கிடக்கும் சதுப்பு" என்று எல்லோரும் நினைத்த நிலத்துக்கு ஒரு விலை கிடைத்துவிட்டது. 2018 இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகாரமும் பெற்றது. ஆரியகுளத்தையும் புல்லுக்குளத்தையும் சுற்றிக் கடை வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். குளம் நகரத்துக்கு வேலை செய்கிறது, சம்பளம் மட்டும் வாங்குவதில்லை.

இன்னும் கிட்டவான உதாரணம் மட்டக்களப்பு. 2013 இன் இறுதியில் மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவில் "ஓப்பன் சிற்றீஸ்" என்ற திட்டத்தின் கீழ், 30,000 க்கும் மேற்பட்ட கட்டடங்களை இலவச வரைபடமான "ஓப்பன் ஸ்ட்ரீட் மப்"பில் ஏற்றினார்கள். முதலில் செய்மதிப் படத்தைப் பார்த்துக் கட்டடத்தின் கோட்டை வரைந்தார்கள். பிறகு தெருவில் இறங்கி, எத்தனை மாடி, எதனால் கட்டியது, வீடா கடையா என்று எழுதிக்கொண்டார்கள். கோடிக்கணக்கில் லேசர் செலவு இல்லை. ஒரு மாடி மூன்று மீற்றர் என்று வைத்தால், மாடிக் கணக்கிலிருந்தே நான் முன்பு சொன்ன சவர்க்காரக் கட்டி மாதிரி எழும்பிவிடும். யாழ்ப்பாண மாநகர சபையின் பரப்பு சுமார் 20 சதுர கிலோமீற்றர்தான். மட்டக்களப்பில் முடிந்தது இங்கே முடியாது என்று சொல்ல முடியாது.

நிலத்துக்குக் கீழே இருப்பதும் சிறிய விஷயமல்ல. 2024 ஆகஸ்ட்டில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய்கள் வீதிகளுக்குக் கீழே வருகின்றன. தொலைபேசிக் கம்பியும் அங்கேதான், வடிகாலும் அங்கேதான். எது எந்த ஆழத்தில் போகிறது என்ற ஒரே மாதிரி எல்லா இலாகாவிடமும் இருந்தால், புது வீதியை மறுமாதம் வெட்டும் வழக்கம் குறையும். வீதி வெட்டிக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் கடை வியாபாரம் எவ்வளவு விழும் என்பது நமக்குத்தான் தெரியும்.

மாதிரியில் இல்லாதவன் ஊரில் இல்லாதவன்

இனி நம் மக்களுக்கு நேராகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். லேசருக்கும் ட்ரோனுக்கும் கண் உண்டு, ஞாபகம் இல்லை. இன்றைக்கு நிற்பதைத்தான் அவை பார்க்கும். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். சோனகத் தெருவிலும் அதைச் சுற்றியும் கூரை போய், சுவர் போய், அத்திவாரத்தின் மேல் பற்றை வளர்ந்த வளவுகள் எத்தனை? உரிமையாளர் புத்தளத்தில் இருப்பார், பிள்ளைகள் கொழும்பில் இருப்பார்கள். மேலே பறக்கும் ட்ரோனுக்கு அது "வெற்று நிலம்". அந்த மாதிரியை வைத்துத் திட்டம் போடும் அதிகாரி, கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமலே, அங்கே ஒரு வாகனத் தரிப்பிடத்தையோ வடிகாலையோ கீறிவிடலாம். கட்டடம் இருக்கும் இடத்தில் கீறினால் இழப்பீடு பற்றிப் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வெற்று நிலத்தில் அந்த யோசனையே வராது.

ஆகவே முப்பரிமாண மாதிரி ஒன்று, காணி உரிமை இன்னொன்று என்பதை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் தோம்பு எழுதினார்கள். அதில் யாருடைய காணி என்பது இருந்தது, உருவம் இல்லை. இன்றைய மாதிரியில் உருவம் இருக்கிறது, யாருடையது என்பது இல்லை. இரண்டையும் இணைத்தால்தான் நீதியான திட்டம் வரும். 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ் "பிம் சவிய" என்று நடக்கும் காணிப் பதிவும், இந்த மாதிரியும் ஒன்றோடொன்று பேச வேண்டும். பத்து வருட ஆட்சியைக் காட்டி இடம்பெயர்ந்தவர் காணியைச் சொந்தம் கொண்டாடுவதைத் தடுக்க 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் விசேட ஏற்பாடு செய்தது. அப்படியான சிக்கல் உள்ளவர்கள் வரைபடத்தை நம்பியிராமல் சட்டத்தரணியைப் பாருங்கள்.

அழகான படம் வேறு, அளந்த மாதிரி வேறு

இன்னொரு எச்சரிக்கை. கடைத்தொகுதி, மாடிவீடு விற்பவர்கள் கொண்டுவரும் பளபளப்பான முப்பரிமாணப் படங்களையும் இதையும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் படத்தில் வானம் எப்போதும் நீலம், வீதியில் எப்போதும் நாலு கார், பக்கத்து வளவு எப்போதும் புல்வெளி. மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால் படம் பதில் சொல்லாது. அளந்த மாதிரியில் பக்கத்து வீட்டுக் கிணறும் இருக்கும், உங்கள் கட்டடத்தின் நிழல் யார் முற்றத்தில் விழும் என்பதும் தெரியும். முற்பணம் கொடுக்கும் முன் எந்த மாதிரி என்று கேளுங்கள்.

நல்ல மாதிரி இருந்தாலும் நகரம் தானாக எழும்பாது. 2014 இல் ஆந்திரம் பிரிந்த பின் அமராவதியைப் புதுத் தலைநகராக்கப் போனார்கள். முழு நகரத்துக்கும் டிஜிட்டல் இரட்டை செய்வதாகவும் அறிவித்தார்கள். 2019 இல் ஆட்சி மாறியது, வேலை நின்றது. 2024 இல் பழையவர்கள் திரும்பி வந்த பிறகுதான் மறுபடி தொடங்கியது. இடையில் காணி கொடுத்த விவசாயிகள் தெருவில் நின்றார்கள். கனடாவின் ரொறன்ரோ நகரில் கூகிளின் சகோதர நிறுவனம் ஒன்று 2017 இல் ஒரு கரையோரப் பகுதியையே நவீன நகரமாக்க வந்தது. மக்கள் நடமாட்டத் தகவல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி பெரிதாகி எழும்பியது. கடைசியில் 2020 மே மாதம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். மாதிரியைச் செய்வது யார், வைத்திருப்பது யார், பார்க்கலாமா என்ற மூன்றையும் கேட்காமல் விடக்கூடாது. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரம் தன் முப்பரிமாண மாதிரியை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டிருக்கிறது. அதுதான் நல்ல வழி.

நாம் இப்போதே செய்யக்கூடியவை

அரசாங்கம் லேசர் விமானம் அனுப்பும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. சில காரியங்களுக்குப் பணமே வேண்டாம்.

1. அடுத்த தடவை நில அளவையாளர் வரும்போது, கடைத் தளத்தின் உயரத்தையும் முன் வீதியின் உயரத்தையும் வரைபடத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை வீதி உயர்ந்தால் கையில் ஆதாரம் இருக்கும்.

2. வெள்ளம் வந்தால் சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்தைக் கோடு போட்டு, திகதி எழுதி, படம் எடுத்து வையுங்கள். கம்பியூட்டர் சொல்வது சரியா என்று சோதிக்க இந்தக் கோடுகள்தான் உரைகல். சரக்கை எந்த உயரத்தில் அடுக்குவது என்பதும் உங்களுக்கே தெரிந்துவிடும்.

3. வீட்டில் கைத்தொலைபேசியோடு இருக்கும் பிள்ளைகளிடம், இலவச வரைபடத்தில் நம் கடை, பள்ளிவாசல், பாடசாலை, ஒழுங்கை எல்லாம் சரியான பெயரோடும் மாடி எண்ணிக்கையோடும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர்களே சேர்க்கலாம்.

4. வெற்று வளவு வைத்திருப்பவர்கள் சோலைவரியைக் கட்டி, உறுதியின் பிரதியையும் வரைபடத்தையும் ஒழுங்காக வைத்து, கிராம சேவகருக்கும் தெரியப்படுத்துங்கள். எல்லைக் கல்லை வெளியே தெரியும்படி நாட்டுங்கள்.

5. வீதி, வடிகால் திட்டங்களுக்கு மக்கள் கூட்டம் வைத்தால் வியாபாரிகள் ஒன்றாகப் போங்கள். 2016 இல் உலக வங்கி யாழ்ப்பாண நகர அபிவிருத்திக்கு 55 மில்லியன் டொலர் ஒதுக்கியது. இப்படியான பணம் இனியும் வரும், இன்ஷா அல்லாஹ். அப்போது மூன்று எண்களை மட்டும் கேளுங்கள்: வீதியின் உயரம், வாய்க்காலின் அடிமட்டம், கடைத் தளம். மூன்றையும் சொல்ல முடியாத பொறியியலாளரிடம் "அளந்துகொண்டு வாருங்கள், பிறகு பேசுவோம்" என்று மரியாதையாகச் சொல்லலாம்.

வியாபாரத்தில் இருப்பு எடுக்காமல் யாரும் புதுச் சரக்கு வாங்குவதில்லை. நகரத்துக்கும் அதே நியாயம்தான். ஊரில் என்ன இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, யாருடையதாக இருக்கிறது என்ற இருப்புக் கணக்கை முதலில் எடுக்க வேண்டும். அந்தக் கணக்கு எழுதும் நாளில் நம் பெயரும் நம் வளவும் விடுபடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.